நாற்பத்திரண்டு பூநாரைகள்

தொண்டைமானாற்றுக்குப் பூநாரை பார்க்க நான் ஆறு தடவை போயிருக்கிறேன். ஆறு தடவையும் மார்கழி மாதம். ஆறு தடவையும் முழங்கால்வரை சேறு. பூநாரை ஒன்றைக்கூட அங்கே நான் கண்டதில்லை. ஆனால் நான் படிப்பிக்கிற பாடசாலையில், மரஅலுமாரியின் மேல்தட்டில், போன கிழமைவரை என் பெயர் எழுதிய கொப்பி ஒன்று இருந்தது. அதன் முப்பதாம் பக்கத்தில் நான் நாற்பத்திரண்டு பூநாரைகளைக் கண்டதாக நல்ல எழுத்தில் எழுதியிருக்கிறது. போன சனிக்கிழமை ஆறாம் தடவை போய்வந்தேன். இன்னும் கால் வீக்கம் வற்றவில்லை. உட்கார்ந்தபடி செய்யக்கூடியது எழுதுவது ஒன்றுதான்.

முதல் தடவை போனபோது நான் பயிற்சி மாணவி. பன்னிரண்டு பேர் விடுதியில் தங்கி ஆசிரியைப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தோம். இந்த உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம். அரிசி தாராளமாய்க் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். ஆணிலும் நான்தான், பெண்ணிலும் நான்தான். ஐயா கைநாட்டு வைப்பவர். தென்மராட்சியில், உப்பாற்றுக்கு அரைமைல் இப்பால் எங்கள் வயல். மாதம் ஒருமுறை பனை ஒடியலும் முருங்கைக்காயும் கட்டிக்கொண்டு நடந்து வந்து விடுதி வாசலில் நிற்பார். நான் பயிற்சி வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து என்னை ‘நீ’ என்பதை விட்டு ‘நீர்’ என்று கூப்பிடத் தொடங்கினார். அப்படிக் கூப்பிடும்படி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதல்முறை கேட்டபோது எனக்குக் கூச்சம் வரவில்லை. வரவேண்டியது வந்து சேர்ந்ததுபோல இருந்தது. அந்த வயதில் நான் அப்படிப்பட்டவள்.

பயிற்சி முடிவில் முதலாவதாக வருகிற ஒருத்திக்கு அந்தப் பாடசாலையிலேயே தை மாதத்திலிருந்து வேலை. மற்றப் பதினொரு பேரும் வீட்டுக்குப் போய், எங்கேயாவது இடம் காலியாகுமென்று காத்திருக்க வேண்டும். வீட்டில் காத்திருக்கிற பெண்ணுக்கு முதலில் வந்து சேர்வது வேலை அல்ல, மாப்பிள்ளை. எனக்கு ஒருவரைப் பார்த்தும் வைத்திருந்தார்கள். புகையிலைத் தோட்டக்காரர், இரண்டு சோடி மாடு, நல்ல மனிதர் என்றார்கள். என் எழுத்தை வைத்து அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே எனக்கு முதலாமிடம் வேண்டும். அந்த வருடம் முழுவதும் நான் வேறெதையும் நினைத்ததாக ஞாபகமில்லை.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள்தான் என்னோடு போட்டியில் இருந்தவள். வடமராட்சிக் கடற்கரை ஊர்க்காரி. வாய் கூர்மை, கணக்குக் கூர்மை. கார்த்திகை மாதக் கடைசியில் எங்கள் இருவருக்கும் புள்ளி ஏறத்தாழச் சமம். மிச்சம் இருந்தது இயற்கைப்பாடக் கொப்பி மட்டும்.

அந்தக் கொப்பியின் சட்டம் இது. முப்பது பறவைகளை மாணவி தன் கண்ணால் காணவேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்றாக வர்ணம் தீட்டவேண்டும். கீழே கண்ட இடம், நாள், எண்ணிக்கை. வெட்டும் அழிப்பும் இருந்தால் புள்ளி குறையும். காகம், செண்பகம், புலுனி, மீன்கொத்தி, கொக்கு என்று இருபத்தொன்பது பறவைகளை விடுதி வளவிலும் வீதியோரத்துக் குளத்திலும் கண்டு முடித்திருந்தேன். முப்பதாவது பூநாரை. அதைக் கட்டாயம் சேர்க்கவேண்டும் என்று இல்லை. ஆனால் முந்திய வருடத்து மாணவிகள் எல்லாரும் சேர்த்திருந்தார்கள். அது இல்லாத கொப்பி பொட்டில்லாத நெற்றிபோல எனக்குப் பட்டது.

முந்திய வருடம் வரை கல்வி இலாகா வித்தியாதரிசி பங்குனியில் வந்து கொப்பிகளைப் பார்வையிடுவார். பறவை பார்க்கும் பயணம் மாசியில் நடக்கும். அந்த வருடம் அவர் மார்கழியிலேயே வருவதாகக் கடிதம் வந்தது. பயணமும் முன்னுக்கு வந்தது: ஒரு சனிக்கிழமை பயணம், திங்கட்கிழமை பார்வை. இடையில் ஞாயிறு ஒரு நாள். பாடசாலைக்கு வர்ணப்பெட்டி ஒன்றுதான். அதை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆகவே வியாழக்கிழமை மாலை நான் முப்பதாம் பக்கத்தை எழுதி முடித்தேன். அலுமாரியில் இருந்த பழைய கொப்பி ஒன்றைப் பார்த்துப் படம் வரைந்தேன். நீண்ட கால், வளைந்த அலகு, சிவப்பிலே வெள்ளை கலந்து சிறகு. நான் தீட்டிய முப்பதிலும் அதுதான் நன்றாக வந்தது. பழைய கொப்பியில் எண்ணிக்கை நாற்பது என்று இருந்தது. நாற்பது என்று எழுதினால் குத்துமதிப்பாகத் தெரியும். நாற்பத்திரண்டு என்று எழுதினால் நின்று எண்ணியவள் என்று தெரியும். நாற்பத்திரண்டு என்று எழுதினேன். சனிக்கிழமைத் திகதியையும் போட்டேன்.

படத்தின் ஈரம் காய்வதற்குள் மற்றப் பதினொரு பேரும் என் கட்டிலைச் சுற்றி வந்துவிட்டார்கள். கொப்பியைக் கேட்டால் நான் கொடுப்பேன். கேட்கப்படுவதில் எனக்கு இருந்த ஆசையை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒருத்தி முப்பத்தெட்டு என்றாள், ஒருத்தி நாற்பத்தொன்று. பக்கத்துக் கட்டில்காரி ‘ஏறக்குறைய நாற்பது’ என்று எழுதினாள். பத்தாவது பறவையோடு சிவப்பு வர்ணம் குறைந்துவிட்டது. கடைசிப் பெண்ணின் பூநாரை செம்பரத்தம்பூச் சாற்றில் நின்றது. மறுநாள் காலை அது ஊதாவாக மாறியிருந்தது.

சனிக்கிழமை விடியும் நேரத்தில் இரண்டு கூடார வண்டிகளில் புறப்பட்டோம். மூன்று நாள் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒழுங்கை முழுவதும் தண்ணீர். இயற்கைப்பாட ரீச்சர் முன்வண்டியில் இருந்தார். சென்னையில் படித்தவர், நாற்பதைத் தாண்டியவர், மணம் முடிக்காதவர். தடித்த மூக்குக்கண்ணாடி, கறுப்புக் குடை, தோலுறையில் ஒரு தூரக்கண்ணாடி. இவற்றைவிட அவரிடம் கறுப்பு மட்டை போட்ட சின்னக் கொப்பி ஒன்று இருந்தது. பதினேழு வருடமாகத் தான் கண்ட பறவைகளை மட்டும் அதில் எழுதி வந்தார். ஒரு கூழைக்கடாவுக்கு எதிரில் ஏழு வருடம் கேள்விக்குறி ஒன்று நின்றதாம். எட்டாம் வருடம் இன்னொன்றைக் கிட்ட நின்று பார்த்த பிறகுதான் அதை அழித்தாராம். இதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. எடைபோடுகிறவர் படியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

“இண்டைக்கு நாங்கள் போறது பாக்கவோ, சரி பாக்கவோ?” என்று பக்கத்துக் கட்டில்காரி வண்டிக்குள் கேட்டாள்.

“சும்மா இரும். முன்வண்டிக்குக் கேக்கும்,” என்றேன்.

“கேக்கட்டுமே. உம்மடை நாற்பத்திரண்டுக்கும் சொல்லி அனுப்பினீரோ, நாங்கள் வாறம் எண்டு?”

சிரித்தோம். அப்போது அது சிரிக்கக்கூடிய விடயமாகத்தான் இருந்தது. பறவைகள் அங்கே நிற்கும் என்பதில் எங்களில் ஒருத்திக்கும் சந்தேகம் இல்லை.

முதலில் ஒரு குளத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். அல்லிக்கு நடுவே கானாங்கோழிகள் நடந்தன. பட்டமரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. ரீச்சர் ஒவ்வொன்றுக்கும் நின்றார். “அதின்ரை கழுத்தைப் பாருங்கோ, எப்பிடிப் பாம்பு மாதிரி,” என்றார். நாங்கள் பார்த்தோம். நான் பார்த்தது பறவையை அல்ல. அது என் கொப்பியில் எத்தனையாம் பக்கம் என்பதை. பதினாலாம் பக்கம். இருக்கிறது. அடுத்தது.

வல்லை வெளிக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அங்கே மரம் கிடையாது. வெளியும் காற்றும்தான். ஆக்காட்டி ஒன்று எங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தி ஊருக்கெல்லாம் எங்களைக் காட்டிக்கொடுத்தது. நீர்க்கரையை ஒட்டிய பாதையில் சில்லுப் புதையும் என்று வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டார். “இனி நடைதான் பிள்ளையள். மாட்டுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லை,” என்றார்.

இறங்கி நடந்தோம். பழைய கொப்பிகளில் மாணவிகள் எழுதியிருந்தது, வெண்மணல் திட்டும் கணுக்கால் அளவு நீரும். நாங்கள் கண்டது கரைமட்டத்துக்குத் தளும்பி நின்ற சாம்பல்நிறத் தண்ணீர். தாழம்பற்றைகள் பாதி முழுகியிருந்தன. ரீச்சர் தூரக்கண்ணாடியை எடுத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்லத் திருப்பினார். திரும்ப மற்றப் பக்கமாகத் திருப்பினார்.

“கொஞ்சம் பொறுங்கோ. அங்காலை நிக்கும்,” என்றார்.

அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேரின் பேச்சும் ஒன்றாக நின்றுபோனது. யாரோ என் முதுகில் விரலால் குத்தினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் இறால் தடவிக்கொண்டிருந்தாள். வாயில் ஓலைப்பறியின் கயிறு. ரீச்சர் குடையைத் தாழ்த்தி அவளைக் கூப்பிட்டுப் பூநாரை நிற்கிற இடம் கேட்டார். அவள் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

“இப்பவோ? என்னம்மா, என்ரை இடுப்பைப் பாருங்கோ. அது நிண்டு தின்னிற சாதி. தண்ணி வத்தவேணும். மாசி, பங்குனியிலை வாங்கோ, உந்தக் கரை முழுக்கப் பூத்துக் கிடக்கும்.”

“தப்பித்தவறி ஒண்டு ரெண்டு வந்திராதோ?”

“வந்தால் அதுக்குப் பயித்தியமாய்த்தான் இருக்கும்.” எங்களை ஒருமுறை பார்த்தாள். “உந்தப் பிள்ளையள் ஏன் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்குதுகள்?”

எங்கள் வயலிலிருந்து அரைமைல் நடந்தால் இதே நீர்தான். நான் அங்கே பிறந்து வளர்ந்தவள். ஆனால் கரைக்குப் போனதில்லை. எழுத்துப் படிக்கிற பிள்ளை சேற்றில் இறங்கக்கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். வீட்டில் ஒருவரும் அதைத் தட்டவில்லை. அதனால் அந்தப் பெண் ஒரு மூச்சில் சொன்னதை நான் பத்தொன்பது வயதுவரை அறியாமல் இருந்தேன்.

ரீச்சர் திரும்பியிருக்கலாம். அவர் தன் கொப்பியில் ஒன்றும் முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை. காணாவிட்டால் காணவில்லை என்று எழுதிவிட்டுப் போகிறவர். ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பறவைமேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டார். “இவ்வளவு ஆசையாய் வந்திருக்கிறியள். முகத்துவாரம் மட்டும் போய்ப் பாப்பம்,” என்றார்.

முகத்துவாரத்துக்கு எத்தனை மைல் என்று நான் இப்போதும் அறியேன். கால்தான் கணக்கு வைத்தது. செருப்பில்லாத கால் சேற்றுக்குள் போவதும் வருவதும், சீலையின் கீழ்க்கரை நனைந்து பாரமாகி ஒவ்வொரு அடிக்கும் கணுக்காலில் அடிப்பதும். மத்தியானம் ஒரு தாழம்பற்றை நிழலில் இருந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். காற்று மணலை அள்ளிப் போட்டது. கத்தரிக்காய்ப் பொரியலோடு மணலையும் மென்றோம். ஒருத்தி அழுதாள். கால் நோகிறது என்று ரீச்சருக்குச் சொன்னாள். எங்களுக்குச் சொன்னது வேறு.

“திங்கட்கிழமை என்ன செய்யிறது? ரீச்சர் பக்கத்திலை இருப்பா. பன்னிரண்டு கொப்பியிலையும் இருக்கு. இண்டைத் திகதியோடை இருக்கு.”

“பக்கத்தைக் கிழிக்கலாம்.”

“இருபத்தொன்பதோடை குடுக்கவோ? கிழிச்சது தெரியாதோ?”

“எல்லாம் இவவாலை வந்தது,” என்று ஒரு குரல் சொன்னது. இவ என்றது என்னை. நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கொப்பியை நான் யாருடைய கையிலும் திணிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் களைப்பாக இருந்தது.

பின்னேரம் ஆற்று வளைவு ஒன்றைத் தாண்டினோம். அங்கே முருகன் கோயில் ஒன்று உண்டு. கோபுரத்தடி தூரத்தில் தெரிந்தது. அதற்கு இப்பால், ஆற்றோரப் பற்றைகளுக்கு முன்னால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ரோசாவும் செம்மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒரு வரிசை அசைந்தது.

“அங்கை,” என்றாள் அழுதவள்.

ரீச்சர் நின்றார். மூக்குக்கண்ணாடியில் நீர்த்தூவானம் படிந்திருந்தது. சீலைத் தலைப்பால் துடைத்தார், தலைப்பும் ஈரம். தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். “நிறம் தெரியுது. உருவம் பிடிபடேல்லை,” என்றார். பிறகு கழுத்துப் பட்டியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “நீர் பாரும். என்ரை கண்ணைவிட உம்மடை கண்ணை நம்பலாம்.”

நான் பார்த்தேன். ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனை பூவரசில், மறுமுனை ஒரு தடியில். அதிலே காவி வேட்டிகள். கோயிலில் தங்கியிருக்கும் ஆண்டிகள் தோய்த்துக் காயப்போட்டவை. மழை விட்டதும் எல்லாவற்றையும் ஒன்றாகத் தோய்த்திருக்க வேண்டும். காற்று அடிக்க ஓரங்கள் எழுந்து மடிந்தன. தாடி வைத்த ஒருவர் குனிந்து இன்னொன்றைப் பிழிந்து உதறிக் கொண்டிருந்தார். நான் எண்ணினேன். எண்ணவேண்டிய தேவை இல்லை, ஆனாலும் எண்ணினேன். அவர் கையிலிருந்ததோடு ஒன்பது.

“என்ன, பூநாரையோ?”

என் பின்னால் பதினொரு பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். பக்கத்துக் கட்டில்காரி மிக மெதுவாக, உதடு அசையாமல், “ஓம் எண்டு சொல்லும்,” என்றாள். அவளுக்காகச் சொன்னேன் என்று எழுத எனக்கு விருப்பம். அது உண்மையல்ல. புகையிலைத் தோட்டத்தையும் இரண்டு சோடி மாட்டையும் நினைத்தேன். ‘நீர்’ என்ற சொல்லை நினைத்தேன். அவ்வளவு தூரமும் திரும்பி நடக்க இருப்பதையும் நினைத்தேன்.

“ஓம் ரீச்சர். பூநாரைதான்.”

“எத்தினை?”

“நாற்பத்திரண்டு.”

“எண்ணிப் போட்டீரோ?”

“எண்ணிப் போட்டன்.”

ரீச்சர் அப்படியே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி இருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை. “நிறைஞ்ச தண்ணியிலையும் வந்திருக்குதுகள்,” என்றார். “மார்கழியிலை வருமெண்டு இண்டைக்குத்தான் அறியிறன். பதினேழு வருசத்திலை இண்டைக்குத்தான்.” கறுப்புக் கொப்பியை மடியில் விரித்துப் பென்சிலை நாக்கில் நனைத்து எழுதினார். கேள்விக்குறி போடவில்லை. கிட்டப் போய்ப் பார்ப்போம் என்று அவர் எழும்புவதற்குள் இரண்டு பேர் கால் நோகிறது என்று ஒன்றாக அழத் தொடங்கினார்கள். திரும்பினோம்.

திரும்பும் வண்டியில் இருட்டுக்குள் பக்கத்துக் கட்டில்காரி, “உம்மடை பறவையளை மழை வரமுன்னம் எடுத்து மடிச்சு வைக்கச் சொல்லும்,” என்றாள். அவள் கடற்கரைக்காரி, அவளுக்குத் தூரக்கண்ணாடி தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை வித்தியாதரிசி வந்தார். கோட்டும் தலைப்பாகையும் அணிந்த, இருமல்காரரான மனிதர். என் முப்பதாம் பக்கத்தில் நின்றார். “மார்கழியிலே பூநாரையா? நீ உன் கண்ணாலே கண்டாயா?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், பக்கத்தில் நின்ற ரீச்சர், “நானும் கண்டேன் ஐயா. கொப்பியில் குறித்திருக்கிறேன்,” என்றார். அவர் தலையை ஆட்டிப் பக்கத்தைப் புரட்டினார். பக்கத்துக் கட்டில்காரியின் கொப்பியில் ‘ஏறக்குறைய’ என்ற சொல்லின் கீழ் கோடு இழுத்தார். இயற்கைப்பாடத்தில் ஏறக்குறைய என்று ஒன்று இல்லை, எண்ணியதைத்தான் எழுதவேண்டும் என்றார். மூன்று புள்ளி வெட்டினார். அந்த மூன்று புள்ளியால் நான் முதலாவது, அவள் இரண்டாவது.

அவள் பெட்டியைக் கட்டும்போது என்னோடு கோபிக்கவில்லை. “உம்மடை பொய் எண்ணின பொய். என்ரை பொய் எண்ணாத பொய்,” என்றாள். தைமாதம் நான் வகுப்பில் நின்றேன். அவளுக்கு வைகாசியில் கலியாணம் நடந்தது.

ஐயா மறுமாதம் வந்தபோது கொப்பியைக் கொண்டுவந்து காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது, பறவை தெரியும். ஒவ்வொரு படத்தையும் பெயர் சொல்லிப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நிறைய நேரம் நின்றார்.

“நல்ல வடிவு. உதை எப்ப கண்டனீர்?”

“மார்கழியிலை, ஐயா.”

“மார்கழியிலையோ,” என்றார். கொப்பியை மூடி என் கையில் தந்தார். ஒடியல் முடிச்சை எடுத்துத் தந்தார். மழை கூடிவிட்டது என்று வேறு கதை கதைத்தார். போகும்போது வழக்கம்போல ‘போட்டு வாறன், நீர் கவனமாய் இரும்’ என்றார். அந்த ‘நீர்’ எனக்கு முதல்முறையாகக் கூசியது.

இதோடு முடிந்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் ரீச்சர் கொப்பியில் எழுதியதை நம்புகிறவர். மார்கழியில் பூநாரை வரும் என்று தன் கையால் எழுதிவிட்டார். அதனால் ஒவ்வொரு மார்கழியும், புதுப் பன்னிரண்டு பேரையும் என்னையும் கூட்டிக்கொண்டு அதே கரைக்குப் போனார். ஒவ்வொரு வருடமும் அதே நிறைந்த தண்ணீர். “அந்த வருசம் இதைவிடத் தண்ணியாய் இருந்தது. அப்பவும் வந்ததுகள்தானே,” என்பார். நான் ஓம் என்பேன். குடையைப் பிடிப்பேன். முகத்துவாரம் மட்டும் நடப்பேன். காணாததைத் தேடுவது ஒரு களைப்பு. இல்லை என்று தெரிந்துகொண்டு, தேடுகிற ஒருவரின் பக்கத்தில் நடப்பது வேறொரு களைப்பு. அதற்கு எண்ணெய் தேய்த்தாலும் போகாது.

இதற்கிடையில் என் கொப்பியை மாதிரிக் கொப்பியாக அலுமாரியில் வைத்தார்கள். புது மாணவிகள் அதைப் பார்த்துப் படம் வரைந்தார்கள். ரீச்சரின் கண் மங்கி வந்ததால் சின்ன எழுத்து வாசிக்க முடியவில்லை. கொப்பி திருத்துவது என் வேலையாயிற்று. முப்பதாம் பக்கத்தில் முப்பத்தொன்பது, நாற்பத்துமூன்று, நாற்பத்தேழு என்று அந்தந்த வருடத்துப் பயணத் திகதியோடு பூநாரைகள் வந்து நின்றன. பிழை போட்டால் முதலில் என் பக்கத்துக்குப் போடவேண்டும். ஆகவே சரி போட்டேன். ஐந்து வருடத்தில் அந்தக் கரையில் காணாத எத்தனை நூறு பூநாரைகளுக்குச் சரி போட்டிருப்பேன் என்று எண்ணவில்லை.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். இப்போது அரிசி கூப்பனுக்கு; கட்டுச்சோற்றுக்குப் பதிலாக அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுபோனோம். ரீச்சர் இரண்டு இடத்தில் வழுக்கினார். முகத்துவாரத்தில் வெறும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றுவிட்டு, “அடுத்த வருசம் என்னாலை ஏலுமோ தெரியாது,” என்றார்.

திரும்பி வந்த அன்று இரவே கொப்பிகள் என் மேசைக்கு வந்துவிட்டன. முன்பே எழுதி முடித்தவை அல்லவா. பதினொன்றில் பூநாரை நின்றது. பன்னிரண்டாவதில், முப்பதாம் பக்கத்தில், ‘பூநாரை’ என்ற தலைப்பும் திகதியும் இருந்தன. படம் இல்லை. எண்ணிக்கைக்கு எதிரில் ‘காணவில்லை’ என்று இருந்தது. எழுதியவள் அந்த வகுப்பில் முதலாவதாக வரக்கூடிய பெண். அந்தப் பக்கத்துக்குச் சட்டப்படி புள்ளி இல்லை. புள்ளி போனால் இடமும் போகும். அவளைக் கூப்பிட்டேன்.

“ஏன் பிள்ளை, இதை வெறுமையாய் விட்டிருக்கிறீர்?”

“நான் காணேல்லை ரீச்சர். வடிவாய்ப் பாத்தனான்.”

“மற்றப் பிள்ளையள் கண்டிருக்கினமே.”

“அவை உங்கடை கொப்பியைப் பாத்துக் கண்டவை,” என்றாள். துடுக்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிறகு, “புள்ளி குறையும் எண்டு தெரியும் ரீச்சர்,” என்றாள்.

அவளைப் போகச் சொன்னேன். சிறிது நேரம் அந்த வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முழுப் புள்ளியும் போட்டேன். போட்டபின் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரே நாளில் ஒரே கரையில் ஒருத்தி காணாததற்கும் மற்றவர்கள் கண்டதற்கும் நான் சரி போட்டுவிட்டு வித்தியாதரிசிக்கு முன்னால் நிற்க முடியாது. பழைய கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு ரீச்சரின் அறைக்குப் போனேன்.

அவர் கதிரையில் இருந்து, பேசினுக்குள் உப்புப் போட்ட சுடுதண்ணீரில் கால்களை வைத்திருந்தார். கண்ணாடி கழற்றியிருந்தது. நான் யாரென்று காலடியில் அறிந்துகொண்டார்.

“இரும்,” என்றார்.

நான் இருக்கவில்லை. “ரீச்சர், அந்த முதல் வருசம் நான் கண்டது பூநாரை இல்லை. காவி வேட்டி. ஆண்டிகள் தோய்ச்சுக் காயப்போட்டிருந்தினம். தெரிஞ்சுதான் சொன்னனான்.”

அவர் காலை அசைக்கவில்லை. வெளியே விடுதிப் பிள்ளைகள் கிணற்றடியில் சேற்றுச் சீலைகளை அலசும் சத்தம் கேட்டது. நான் எங்கள் வயலை நினைத்தேன். மாப்பிள்ளைக்காரருக்கு வேறிடத்தில் முடிந்துவிட்டது. இனி அதுவும் இல்லை. ஐயாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். பெட்டி கட்டிலின் கீழே இருக்கிறது. சாமான் அதிகம் இல்லை.

“அப்ப அஞ்சு வருசமாய் என்னை நடத்தியிருக்கிறீர்,” என்றார் கடைசியில்.

“ஓம் ரீச்சர்.”

“குடையும் பிடிச்சுக்கொண்டு.”

நான் கொப்பியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

“வித்தியாதரிசிக்கு முன்னாலை நானும் கண்டனான் எண்டு சொன்னனான். எனக்கு ஒரு சிவப்புத்தான் தெரிஞ்சது. உம்மடை கண்ணாலை கண்டதை என்ரை கண்ணாலை கண்டனான் எண்டு சொன்னனான்.” மூக்குக்கண்ணாடியைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டார். “உம்மை அனுப்பினால் நானும் பெட்டி கட்டவேணும். இந்தக் காலோடை நான் எங்கை போறது?”

கறுப்புக் கொப்பியை எடுத்துத் தரச் சொன்னார். அந்தப் பக்கம் எதுவென்று அவருக்குத் தேடவேண்டியிருக்கவில்லை. பென்சிலால் எழுதியதை மையால் வெட்டினார். ஒரு கோடு, நேராக. பிறகு பேனையைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார்.

“எத்தினை?”

“என்ன ரீச்சர்?”

“வேட்டி. எண்ணினீர்தானே. உம்மை எனக்குத் தெரியும்.”

“ஒன்பது.”

அதை எழுதினார். மை காயும்வரை ஊதினார். என் கையிலிருந்த பழைய கொப்பியை வாங்கி, அதைத் திறக்காமல், தன் கதிரைக்குக் கீழே வைத்தார். “இது இனி அலுமாரிக்குப் போகத் தேவையில்லை. அந்தப் பிள்ளையின்ரை கொப்பியை வையும். மற்றப் பதினொரு பேரையும் நாளைக்குக் கூப்பிடும். வெட்டச் சொல்லும். வெட்டினதுக்குப் புள்ளி குறைக்காதையும்.”

“வித்தியாதரிசி கேட்டால்?”

“கேக்கட்டும். நான் சொல்லுறன்.” கண்ணை மூடிக்கொண்டார். “மாசியிலை ஒருக்காப் போவம். தண்ணி வத்தினாப் பிறகு. கிட்டப் போய்ப் பாத்திட்டுத்தான் எழுதுறது.”

இன்னொரு தடவை. என் கால் விண்விண் என்று வலித்தது. ஓம் என்றேன்.

“தண்ணி ஆறிப்போச்சு,” என்றார் ரீச்சர். “குசினியிலை சுடுதண்ணி இருக்கும். கொஞ்சம் எடுத்து வாரும். உம்மடை காலுக்கும் சேத்து.”

நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.